மெஷினுக்குப் போட்ட பட்டை

பண்டமாரான்ல நான் எடுத்திருந்த ரூம்ல ஒரே ஒரு ஜன்னல். தொறந்தா போர்ட்டுக்குப் போற லோரி சத்தம், மூடுனா புழுக்கம். படுத்தாலும் இருப்பு கொள்ளாது. விடிஞ்சதும் முதல் ஆளா கம்பெனி பஸ்ஸுக்குப் போய் நிப்பேன்.

அது ஜெஞ்சாரோம்லேருந்து வர்ற பஸ். ஏறுனதுமே பின் சீட்லேருந்து குரல் வரும்.

"என்னா கெடா, இன்னிக்காவது சாப்பிட்டியா? ஆளு ஊதுனா பறந்துடுவே போல."

கூட வேலை பாக்குற தனலெட்சுமிதான். என் பேரு வாசு. வடக்கே கெடா மாநிலத்துலேருந்து பொழைக்க வந்தவன்ங்கிறதால அவளுக்கு நான் கெடா. நெத்தியில மூணு விரல்ல பட்டையா திருநீறு, நடுவுல குங்குமம். அவ வாயைத் தொறந்தா பஸ்ஸே சிரிக்கும். எனக்குப் பதில் சொல்ல வராது. ஆனா இந்த ஊர்ல சாப்பிட்டியான்னு என்னைக் கேக்குற ஒரே ஆளு அவதான்.

வேலை ஷா ஆலம்ல, ஹார்ட் டிஸ்க்குக்குத் தட்டு செய்யற ஃபேக்டரி. தொண்ணூத்தாறாம் வருஷம் அது. தட்டு கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும். அங்கதான் வம்பே. கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணுனா, எழுதிப் படிக்கிற ஹெட்டு அந்தத் தட்டு மேல இறங்கி உக்காரும். தட்டு ரொம்ப வழவழன்னு இருந்தா, ஈரமான ரெண்டு கண்ணாடி ஒட்டிக்கிற மாதிரி பிடிச்சுக்கும். அப்புறம் ஆன் பண்ணா சுத்தாது. அதனால ஹெட்டு உக்கார்ற உள் வட்டத்துல மட்டும் லேசர்ல சுட்டு, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் புள்ளி புள்ளியா மேடாக்கணும். மேடு கம்மின்னா ஒட்டும். ஒசந்துட்டா, தட்டு சுத்தும்போது ஹெட்டு இடிக்கும். அந்த ஒசரத்தைப் பிடிக்கிறதுதான் என் வேலை. தட்டை ஏத்தி இறக்கறது தனலெட்சுமி வேலை.

மெஷின் அமெரிக்காவுலேருந்து புதுசா வந்தது. வந்ததுலேருந்து தட்டெல்லாம் ஒட்டிக்கிட்டே இருந்துச்சு. லைனையே மூடிடுவாங்கன்னு கேன்டீன்ல பேச்சு. நான் லேசர் சூட்டைக் கொஞ்சம் ஏத்துனேன். ஒட்டறது நின்னுச்சு. நிம்மதியா ஒரு தே தண்ணி குடிச்சேன். மறுநாளே டெஸ்ட்ல ஹெட்டு இடிக்க ஆரம்பிச்சுது.

மேனேஜர் மிஸ்டர் கூ வந்தாரு. "வாசு, உன் மேடு டூ ஹை லா. வெள்ளிக்கிழமை கஸ்டமர் வர்றான். அதுக்குள்ள சரியாகலன்னா நீ பேக் டு கெடா."

கெடாவுல எனக்கு என்னா இருக்கு? நாங்க இருந்த எஸ்டேட்டைத் துண்டு போட்டு வித்துட்டாங்க. வீடும் போச்சு.

சூட்டைக் குறைச்சேன், ஏத்துனேன். இடிக்கறது நிக்கல. அப்புறம்தான் டெஸ்ட் படத்தை ஒழுங்கா பாத்தேன். இடிச்ச இடமெல்லாம் தட்டோட வெளி ஓரத்துல. அங்க லேசர் படவே படாது. அப்ப இது மேடு இல்ல, தூசி. சுட்ட தட்டு மேல தூள் விழுந்து, அது மேலயே அடுத்த பூச்சு பூசிட்டா, உள்ளயே மாட்டிக்கிட்டு முட்டா நிக்கும்.

ஆனா அந்த ரூம்ல தூசி ஏது? மூஞ்சி கழுவி, தலையிலேருந்து கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டி, காத்து அடிச்சு உதறித்தான் உள்ள விடுவாங்க. கண்ணு மட்டும்தான் வெளிய தெரியும். மெஷினைச் சுத்திச் சுத்தித் தேடுனேன். பின்னால, காத்தாடிக்கு மேல இருந்த மூடியிலதான் இருந்துச்சு.

மூணு விரல் பட்டை. நடுவுல குங்குமம்.

தே நேரத்துல அவளைக் கேன்டீன் ஓரமா கூப்பிட்டேன். "நீதானே?"

"ஆமா, நான்தான். கார் வாங்குனா பூசை போடறோம். லோரிக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறோம். இம்புட்டுப் பெரிய மெஷினு, கடல் தாண்டி வந்திருக்கு, எவனாவது ஒரு சூடம் காட்டுனானா? டிஸ்யூல மடிச்சு கையுறைக்குள்ள வச்சுக் கொண்டாந்தேன். போட்ட அன்னிக்கே ஒட்டறது நின்னுச்சா இல்லையா?"

"அது நான் சூட்டை ஏத்துனது."

"யாரு ஏத்த வச்சா?"

"தனம், இப்ப இடிக்குதே, அது இந்தத் திருநீறு. காத்தாடி அதைத் தட்டு மேல அடிச்சு விடுது."

முதல் தடவையா அவ குரல் இறங்கிடுச்சு. "கூகிட்ட சொல்லப் போறியா?"ன்னா.

"தெரியல."

திரும்பி வந்து மூடி முன்னாடி நின்னேன். காட்டிட்டா நான் தப்பிச்சேன், அவளுக்கு வேலை போச்சு. அவ வீட்டுல சம்பாதிக்கிறது அவ மட்டும்தான். ஸ்பிரிட்ல நனைச்ச துணியை எடுத்தேன். துடைச்சிட்டேன். துடைக்கும்போது சாமி கும்பிடற மாதிரி ஒரு கூச்சம்.

புதுசா ஓட்டுன தட்டு எதுவும் இடிக்கல. கூ டெஸ்ட் படத்தைப் பாத்தாரு. "குட். எதனால வந்துச்சு?"

"தூசி, பாஸ்."

"எங்கேருந்து?"

நான் டெஸ்ட் படத்தையே பாத்தேன்.

"காரணம் தெரியலன்னா மறுபடி வரும். கஸ்டமர்கிட்ட நான் என்னா சொல்றது? நாளையிலேருந்து மெஷினை வேற ஆள் பாக்கட்டும். நீ ஆபீசுக்குப் போ."

அவர் சொன்னதும் நியாயம்தான். உடுப்பைக் கழட்டிட்டு ஆபீஸ் வாசல்ல நின்னேன். தனலெட்சுமி என்னைத் தாண்டி விறுவிறுன்னு உள்ள போனா. கதவைக்கூட சாத்தல.

"பாஸ், சாயா யாங் பூபோ," மலாய்லயே சொன்னா. "நான்தான் போட்டேன். இவன் துடைச்சிட்டு ஊமை மாதிரி நிக்கிறான்." மிச்சத் திருநீறு மடிச்ச டிஸ்யூவை எடுத்து மேசையில வச்சா.

கூ அதை விரிச்சுப் பாத்தாரு. நான் கண்ணை மூடிக்கிட்டேன்.

"மெஷின் வந்த அன்னிக்கு நானும் ஊதுபத்தி வச்சேன்," அப்படின்னாரு. "கேட்டு பக்கத்துல டத்தோ கோங் காவல் சாமி கோயில் இருக்கில்ல, அங்க. வெளிய. உனக்கு வெளிய இடமே கிடைக்கலயா?"

"மெஷினு உள்ளதானே பாஸ் இருக்கு?"

கூ சிரிப்பை அடக்குனது தெரிஞ்சுது. ஆனா விடல. அவளை பேக்கிங்குக்கு மாத்திட்டாரு. வேலை போகல. கிளீன் ரூம்ல குடுக்கற அலவன்ஸ்தான் போச்சு. நான் திரும்ப மெஷினுக்கு.

சாயங்காலம் பஸ்ல, "ஏன் தனம் போய் சொன்னே?"ன்னு கேட்டேன்.

"நீ கெடாவுக்குப் போயிட்டா நான் யாரை வம்பிழுக்கறது?" அப்படின்னா. சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. ரூமுக்கு வந்தும் உக்கார முடியல, குறுக்கயும் நெடுக்கயும் நடந்துக்கிட்டே இருந்தேன்.

இப்ப தட்டு ஏத்தறது வேற பொண்ணு. முகமூடிக்கு மேல வேற கண்ணு. பேக்கிங்ல மூஞ்சி கழுவ வேணாம், அதனால தனலெட்சுமி பட்டை போட்டுக்கிட்டே வேலை செய்யறா. ரூம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவ வாய் அசையறது தெரியும். சுத்தி நிக்கிறவங்க சிரிப்பாங்க. என்னா சொன்னான்னு எனக்குக் கேக்காது.

காலையில மெஷினை ஆன் பண்றதுக்கு முன்னாடி அந்த மூடியைத் துடைக்கிறேன். துணி வெள்ளையாவே வருது. நேத்து பஸ்ல அவ பக்கத்து சீட்டு காலியா இருந்துச்சு. நின்னுக்கிட்டே வந்தேன்.

"கெடா, சீட்டுக்கும் திருநீறு போட்டாதான் உக்காருவியா?"ன்னு கேட்டா.

உக்காந்தேன்.