அரை லிட்டர் ரிக் ஆயில்

பழைய படகு மோட்டாரை நாகப்பட்டினத்தில் வாங்கியபோது, அதைக் கழற்றிக் கொடுத்த மெக்கானிக் ஒரு விஷயத்தை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

"ஆயில மாத்திடாதீங்க தம்பி. இது தண்ணில குளிர்ற டூ ஸ்ட்ரோக் இன்ஜின். படகுக்குன்னே தனி ஆயில் இருக்கு. டப்பால டிசி-டபிள்யூ 3ன்னு போட்டிருக்கும். பைக் ஆயிலக் கூட ஊத்திடாதீங்க."

நாமக்கல்லில் அது கிடைக்கவில்லை. ஸ்பேர்ஸ் கடைக்காரர் பழைய மொபெட்டுகளுக்கு ஊற்றும் 2டி ஆயிலை எடுத்து வைத்தார். "எல்லாம் ஒண்ணுதானுங்க. நம்மூர்ல யாருங்க படகு ஓட்டறா?" என்றார். நான் வாங்கவில்லை. அது காற்றில் குளிரும் இன்ஜினின் சூட்டுக்குச் செய்த ஆயில். ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சிக் குளிரும் மோட்டாரில் சரியாக எரியாமல் கரியும் சாம்பலுமாகப் படியும். நாகப்பட்டினத்துக்கே போன் செய்து பார்சலில் இரண்டு டப்பா வரவழைத்தேன். பத்து லிட்டர் பெட்ரோலுக்கு இருநூறு மில்லி அளந்து கலந்தேன். அதுவரை நான் செய்ததெல்லாம் சரி.

மோட்டாரும் படகும் என் மனைவி இலக்கியாவின் அண்ணன் தனசேகர் வாங்கிக் கொடுத்தவை. திருச்செங்கோட்டில் அவருக்கு போர்வெல் போடும் ரிக் வண்டிகள் இரண்டு. சத்தீஸ்கரில் அதிலொன்றில் ராத்திரி ஷிப்டு பார்த்த நான், பாதி சீசனில் யாரிடமும் சொல்லாமல் ரயிலேறி ஊர் வந்தவன். காவிரித் துறையில் ஆள் ஏற்ற அனுமதி கிடைத்தால் இங்கேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் மறுபடி ரிக். அப்படித்தான் பேச்சு.

அனுமதிக்கான சோதனை ஓட்டத்துக்குப் படகு ஆய்வாளர் பதினோரு மணிக்கு வருவதாக இருந்தது. பத்தரைக்கே மச்சான் இலக்கியாவைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். கையில் ஒரு கேன்.

"என்ன மாப்ள, பச்சத்தண்ணியாட்டம் என்னமோ ஆயில ஊத்தி வெச்சிருக்கறயாமா?"

"இதுக்கு அதுதானுங்க மச்சான்."

"ஆயிரமடி பாறையத் தொளைக்கற வண்டிக்கு ஊத்தற ஆயிலுடா இது. உன்ற மோட்டாரு என்ன, மோர் கடையற மத்தாட்டம் இருக்குது. இதையுங் கொஞ்சம் குடிச்சா தெம்பா ஓடும்."

அக்கரை வாழைத்தோட்டத்துக்குப் போக நின்ற பெண்கள் சிரித்தார்கள். "மாப்பிள்ளைக்கும் ஒரு டம்ளர் ஊத்துங்க சாமி, அவருந்தான் தெம்பில்லாம நிக்கறாரு" என்றாள் ஒருத்தி.

மச்சானும் சிரித்தபடியே டாங்கின் மூடியைத் திருகி அரை லிட்டர் ஊற்றினார்.

ரிக் ஆயில் இன்ஜினுக்குள்ளேயே தங்கிச் சுற்ற வேண்டியது. டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு எரிந்து வெளியே போக வேண்டும். அந்தக் கெட்டி ஆயில் எரியாது, பிளக்கை அடைத்துவிடும். இது எனக்குத் தெரியும். வேறு கேனில் ஐந்து லிட்டர் பெட்ரோல் இருந்தது. டாங்கைக் காலி செய்துவிட்டுப் புதிதாகக் கலக்கப் பத்து நிமிடம் போதும். அரை மணி நேரம் இருந்தது. நான் உயிர்காப்புச் சட்டைகளை எண்ணுவது போல நின்றுகொண்டிருந்தேன். பன்னிரண்டு இருந்தன.

ஆய்வாளர் வந்தார். பத்து ஆள் எடைக்கு மணல் மூட்டைகளை ஏற்றச் சொல்லி, தானும் ஏறி உட்கார்ந்தார். மோட்டார் இரண்டாவது இழுப்பில் பிடித்தது. நடு ஆற்றில் வெள்ளையாகப் புகை கிளம்பியது. இருமியது. நின்றது. ஆற்றின் இழுப்பு படகைப் பாறைப் பக்கம் கொண்டுபோக, நானும் ஆய்வாளரும் ஆளுக்கொரு துடுப்பு போட்டுக் கரை சேர்ந்தோம். பிளக்கைக் கழற்றினேன். கறுப்பாக, ஈரமாக இருந்தது.

"என்ன ஆயில் கலந்தீங்க?" என்றார் ஆய்வாளர்.

மச்சான் ஆற்றைப் பார்த்தார்.

"கைக்குக் கெடைச்சத ஊத்திட்டேனுங்க" என்றேன் நான்.

"பத்து உயிரை ஏத்தப்போற ஆளு, கைக்குக் கிடைச்சதை ஊத்துவீங்களா?"

படகு ஓட்டுபவருக்கு எரிபொருள் கலவை பற்றிய அறிவு இல்லை, அனுமதி தர இயலாது என்று எழுதி, என்னிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

மச்சான் என் தோளில் கை போட்டார். "நாலு பேரு முன்னால என்னைய உட்டுக்குடுக்கல பாரு, அதான் மாப்ள. வெள்ளிக்கெழம வண்டி ராய்ப்பூர் கெளம்புது. துணிமணி எடுத்து வெய்யி." காரை எடுக்கப் போனார்.

நனைந்த உயிர்காப்புச் சட்டைகளை இலக்கியா மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அண்ணன் ஊத்துனத நானும் பாத்தேன். ஊத்தக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்."

"அப்பறம் ஏனுங்க சொல்லல?"

"அவரு வாங்கிக் குடுத்த மோட்டாரு."

"நாளைக்கு ஒரு பெரிய மனுசன் வந்து இருவது பேர ஏத்துன்னு நிப்பான். அவங்கிட்ட என்ன சொல்லுவீங்க?"

அவள் முடிச்சை இறுக்கினாள்.

"அந்தாளு காரணத்தத்தான் தப்பா எழுதியிருக்கறாரு. அனுமதி குடுக்காதது சரிதான்."

மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினாள். மேலே மச்சான் ஹாரன் அடித்தார். இரண்டாவது தடவை அடித்தபோது நானும் போய்ப் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.