ஏளாவது நடைமேடை

என் வீட்டுக்காரர் பிழை திருத்துபவர். சம்பளத்துக்குத் திருத்துவது அச்சகத்தில். சும்மா திருத்துவது என்னை. நான் ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசிக்கிறேன். எங்கள் வீடு நிலையத்துக்குப் பின்பக்கம் என்பதால் என் குரல் படுக்கையறை வரை கேட்கும். அவர் வீட்டில் இருக்கும்போது ஒரு 'ழ' வழுக்கினால் போதும், உடனே போன் வரும்.

"நாக்கை மடிச்சா சுளுக்கிக்குமா?"

நான் விடுவேனா? "உங்க நாக்கைக் கொஞ்சம் மடிச்சு உள்ள வைங்க, வீடு உருப்படும்."

கல்யாணம் ஆனதிலிருந்து எங்கள் குடித்தனம் இப்படித்தான் அமோகமாக ஓடியது.

திடீரென்று போன் நின்றது. அவர் லீவு போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். உப்பே போடாமல் சமைத்தாலும் சாப்பிட்டார், அள்ளிக் கொட்டினாலும் சாப்பிட்டார். எது சொன்னாலும் "சரி" என்றார்.

பார்க்க வந்த நாத்தனார் பூரித்துப்போனாள். "அண்ணன் எப்படி அடங்கிட்டாரு! குடுத்து வெச்சவங்க அண்ணி நீங்க!"

எனக்கு அவளைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது. புருஷன் சண்டை போடுகிறான் என்றால் ஊரே உச்சுக்கொட்டும். போடவில்லை என்றால் யார் காதில் ஏறும்? எனக்கோ பயம். அந்தச் 'சரி'க்குள் அவர் இல்லவே இல்லை.

மறுநாள் துணிந்து மைக்கை அழுத்தினேன். "பயனிகலின் கனிவான கவனத்திற்கு! அடுத்த வண்டி ஏளாவது நடைமேடையிள் வந்து சேறும்!"

நிலையமே சிரித்தது. கண்ணாடிக்கு வெளியே நின்று மேலாளர் முறைத்தார். போன் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். "கிளம்புங்க, டாக்டரைப் பார்க்கலாம்."

"சரி" என்றார். அத்தனை 'சரி'யில் அது ஒன்றுதான் உருப்படியானது.

டாக்டர் அறைக்கு வெளியே நாற்காலி, மின்விசிறி, எதிர்ச் சுவரில் ஒரு பலகை: 'மனசோர்வுக்கு மருந்து உண்டு.' அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கையை நீட்டிப் பலகையைக் காட்டினார்.

"நடுவுல ஒரு 'ச்' வேணும்."

எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"காலைல ஏளாவதுன்னு சொன்னியே" என்றார்.

"கேட்டுச்சா?"

"எல்லாம் கேட்டுச்சு. போனைக் கையில எடுத்தேன். நம்பரை அழுத்த முடியல. பாறாங்கல்லு மாதிரி கனத்துச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "சேறும்னு வேற சொன்ன."

"வேணும்னுதாங்க சொன்னேன்."

"தெரியும். தெரிஞ்சும் முடியல."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விடுவித்துக்கொள்ளவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் விவரமெல்லாம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "வீட்டுல சண்டை சச்சரவு ஏதாவது உண்டாம்மா?"

"முன்னாடி தினம் இருந்துச்சு டாக்டர்" என்றேன். "எப்படியாவது அதைத் திரும்ப வர வெச்சுடுங்க."