நாகேந்திரத்தாரின் ஒற்றைக் கதிரை

வெள்ளவத்தை நாகேந்திரத்தாரின் நிறை நூற்று இருபத்தெட்டுக் கிலோ. அதைப்பற்றி அவருக்குக் கவலையில்லை. விசேஷங்களில் அவர் தலை தெரிந்ததும் மைத்துனர் நேசம் போடும் சத்தம்தான் கவலை. "அத்தானுக்கு இன்னொரு கதிரை கொண்டுவாங்கோ!" ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் கதிரை அடுக்கி, அதன்மேல் அவரை ஏற்றிவிடுவார்கள். சபை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அந்த நேரம் மனுசனுக்குச் செத்துவிடலாம் போலிருக்கும்.

இப்போது மகள் நிருஷாவுக்குக் கல்யாணம், கோயில் மண்டபத்தில். மணவறைக்குப் பக்கத்தில் ஒரேயொரு கதிரையில் இருக்கவேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை.

நிருஷாவின் சிநேகிதி தாரிகாவுக்குக் கொட்டாஞ்சேனையில், கதிரை வார்க்கும் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலை. அவளிடம் போய் மனம்விட்டுச் சொன்னார்.

"வெயிலிலை கிடந்துதான் அங்கிள் பிளாஸ்டிக் நொருங்கிறது. சிங்க் ஒக்சைட்டைக் கண்ணுக்கே தெரியாத தூளாக்கிச் சேர்த்தா வெயிலைத் தாங்கும், பலமும் கூடும். நூறு கிலோ பிளாஸ்டிக்குக்கு ரெண்டு கிலோத் தூள் காணும்."

"என்ர உடம்புக்கு ஆறு போடு பிள்ளை."

சோற்றிலும் அவருக்கு அதே நியாயம்தான். தாரிகா சிரித்துவிட்டு இரண்டு விதமாகவும் வார்த்து வைத்தாள்.

அடுத்த கிழமை தொழிற்சாலைக்குப் போய், ஆறு கிலோத் தூள் கணக்கில் வார்த்த கதிரையில் ராசா மாதிரி அமர்ந்தார். படாரென்று கால் வெடித்தது. சீமெந்துத் தரையில் கிடந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"கூடிப்போனா தூள் கட்டிபட்டிடும் அங்கிள். ரொட்டி மாவிலை கட்டி இருந்தா அந்த இடத்திலைதானே பிய்யும்? அது மாதிரி. இதிலை இருந்து பாருங்கோ."

இரண்டு கிலோக் கதிரையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல இருந்தார். கால்கள் கொஞ்சம் வளைந்தன, பிறகு அப்படியே நின்றன. தேத்தண்ணி வந்தது, குடித்தார். வேலை முடிந்து சனம் வீட்டுக்குப் போகத் தொடங்கியும் எழும்ப மனம் வரவில்லை.

கல்யாணத்தன்று அந்தக் கதிரையும் மற்றக் கதிரைகளைப் போல வெள்ளையாகத்தான் மணவறைக்குப் பக்கத்தில் நின்றது. பழக்கதோஷத்தில் நேசம் இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். நாகேந்திரத்தார் அதற்குள் அந்த ஒற்றைக் கதிரையில் இருந்துவிட்டார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நெஞ்சு நிறைந்துபோனது.

"அதை இஞ்சை பக்கத்திலை வை நேசம். தாரிகா பாவம், எவ்வளவு நேரமா நிக்கிறாள்."

தாரிகா வந்து பக்கத்தில் இருந்தாள். மேளம் உச்சத்துக்குப் போனது. அவளுடைய கண் மட்டும் அவரின் கதிரைக் காலைவிட்டு அசையவில்லை.

"கதிரையைப் பார்த்தது காணும் பிள்ளை," என்றார். "தாலி கட்டுறதைப் பார்."