ரோமம் இல்லாத சுண்ணாம்பு

நூர் முகமது எதிலும் மூக்கை நுழைக்கிற ஆள். ரோட்டில் யாராவது பள்ளம் தோண்டினால் போதும், சைக்கிளை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்காமல் நகரமாட்டார். திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பில் இருபத்தைந்து வருஷமாகச் சுண்ணாம்புக் குழி மேஸ்திரி. ஆட்டுத்தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு ரோமத்தைக் கழற்றுகிற வேலை. அந்த நாற்றத்தில் நிற்கிறவனுக்கு வேறு எதிலும் அக்கறை இருக்காது என்பார்கள். இவருக்கு இருந்தது.

அப்படிப்பட்டவருக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷக் கோடையில், கிணறு வெட்டுகிற இடத்துக்கு வந்து பார்க்கச் சொல்லி கருப்பம்மாள் ஆள் அனுப்பியபோது, கால் எழவே இல்லை. காரணம் உண்டு. ஷாப்பின் கழிவுத் தண்ணீர் போகிற வாய்க்கால் கருப்பம்மாளின் கத்தரித் தோட்டத்தை ஒட்டித்தான் போகிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய பழைய கிணறு உப்பாகிப் போனது. யாரால் என்று ஊருக்கே தெரியும். அன்றிலிருந்து நூர் முகமது அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. ஆனாலும் போனார்.

புதுக்கிணற்றின் கரையில், கிணறு வெட்டுகிற கஸ்பார் பீடி குடித்துக்கொண்டிருந்தார். கிணறு வெட்டுவதில் அவருக்கு ஒரு வழக்கம். மண் நிறம் மாறும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்துக் கரையில் வைத்து, காற்றில் போகாமல் இருக்க மேலே ஒரு கல்லை வைப்பார். என்ன வெட்டினோம் என்று தோட்டக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பதற்காக. அந்த வரிசையில் செம்மண், சரளை கலந்த செம்மண், அதை அடுத்து வெள்ளை வெளேரென்று ஒரு பிடி.

"பதினெட்டு அடியில வந்துச்சு," என்றார் கஸ்பார்.

கருப்பம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றாள். புருஷன் போனபின் தனியாளாய் அந்தத் தோட்டத்தைக் கட்டி இழுத்தவள். "பாய், இது உங்க குழிச் சுண்ணாம்பா இல்லையான்னு பாத்துச் சொல்லிருங்க. ஆமான்னா இந்தத் தண்ணியும் பாழு. நான் கொல்லைய வித்துப்புட்டு நெய்க்காரப்பட்டியில அண்ணன் வீட்டோட போய்க் கெடக்கேன். கஸ்பாரும் சனிக்கிழம அய்யலூருக்கு வேற கிணறு வெட்டப் போறாரு."

நூர் முகமது ஒரு கட்டியை எடுத்து விரலில் தேய்த்தார். வெள்ளையாக ஒட்டியது. அவருடைய வாப்பா காலத்துக்கும் முந்தி இந்தப் பக்கம் ஒரு தோல் ஷாப்பு இருந்து மூடிப்போனதாக ஒரு பேச்சு உண்டு. அதன் குழி மண்ணுக்குள் புதைந்து கிடக்கலாம். இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் நாலு வருஷமாக நெஞ்சில் கிடந்தது அவரை விடவில்லை.

"எங்களுதுதான் தாயி."

கருப்பம்மாள் வீட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நல்லா நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். கஸ்பார் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார்.

சொல்லிவிட்டோம், கிளம்புவோம் என்று சைக்கிள் வரை போனவர் திரும்பி வந்தார். மூக்கு சும்மா இருந்தால்தானே!

"கஸ்பாரு, இந்த வெள்ளை ஒரு மூலையிலயா, சுத்தியும் வருதா?"

"சுத்தியும்தான். கோடு போட்டாப்புல, ரெண்டடி கனம். அதுக்குக் கீழ ஒரு சாண் வெட்டுனேன், கருங்களி."

குழி என்றால் ஓரம் இருக்க வேண்டும், கட்டிய கல் இருக்க வேண்டும். அவ்வளவு அகலத்துக்கு ஒரே மட்டமாக யார் குழி வெட்டுவார்கள்? அதோடு கட்டியும் இஞ்சிக்கிழங்கு போல முடிச்சு முடிச்சாக இருந்தது. இருபத்தைந்து வருஷத்தில் குழியடிச் சுண்ணாம்பு முடிச்சு விழுந்து அவர் பார்த்ததில்லை.

"தாயி, ஒரு வாளி தண்ணி கொண்டா. செத்த நேரம் பொறு."

வெள்ளையை நொறுக்கி வாளியில் போட்டுக் கலக்கினார். குழியில் தினமும் செய்கிற வேலைதான். கலக்கிவிட்டு நின்றால் முதலில் கல் இறங்கும், அடுத்து மணல், கடைசியில் சேறு. மேலே ஆட்டு ரோமம் மிதக்கும். ரோமம் இல்லாத குழிச் சுண்ணாம்பு உலகத்திலேயே கிடையாது. அது அவருடைய தாடியில் இருக்கும், சோற்றில் இருக்கும். அவர் சட்டையிலிருந்து அதைப் பொறுக்கிப் பொறுக்கியே அவர் மனைவிக்குக் கண் பூத்துப்போனது.

வாளியில் ஒரு ரோமம்கூட இல்லை. அடியில் விரல்விட்டுத் துழாவினார். சின்னஞ்சிறு நத்தை ஓடுகள் வந்தன. கருங்களியைக் கரைத்தார். அதில் இன்னும் நிறைய, உடையாமல், முழுசு முழுசாக.

நூர் முகமது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

"எங்க சுண்ணாம்புல புல்லே மொளைக்காது. நத்தை எங்க பொழைக்கும்? நான் தப்பாச் சொல்லிட்டேன் தாயி. இது எங்களுது இல்ல."

"இப்பத்தானே உங்களுதுன்னீங்க?" கருப்பம்மாள் சீறினாள்.

"வெள்ளையக் கண்டதும் புத்தி குழிக்குப் போயிருச்சு. இங்க குளம் கெடந்திருக்கு. ஓடுற தண்ணின்னா மணலைத்தான் போட்டுட்டுப் போகும். அசையாம நின்னாத்தான் இம்புட்டு நைசாக் களி படியும். அப்புறம் மழை இல்லாமக் காய்ஞ்சிருக்கு. வத்துன தண்ணி சுண்ணாம்பை விட்டுட்டுப் போயிருக்கு, கெட்டில படியிற மாதிரி. அதுக்கும் பெறகு மலைச் செம்மண் வந்து மூடிருச்சு."

"எப்ப?"

"ஷாப்புக்கு முந்தி. ஊருக்கே முந்தியா இருக்கும்."

கருப்பம்மாள் தன் காலடியைப் பார்த்தாள். "நாலு வருசமாக் குடத்தத் தூக்கிட்டு அலையிறேன். என் கொல்லையிலயா குளம் கெடந்துச்சு?"

"குளத்துக்குத் தண்ணி எந்த வழியாவது வந்திருக்கணும்ல? களிக்குக் கீழ ஓடை மணல் இருந்தா ஊத்து இருக்கும். கஸ்பாரு, சனிக்கிழம வரைக்கும் வெட்டிப் பாரும்."

"இல்லேன்னா?" என்றார் கஸ்பார்.

நூர் முகமது வாளியைக் கவிழ்த்துக் கழுவினார். ஒரே நாளில் ரெண்டு தடவை தப்பாகச் சொன்னவன் என்று பெயர் வாங்கப் பயமாகத்தான் இருந்தது. வேலை விட்டதும் தினமும் சாயங்காலம் வந்து எட்டிப் பார்த்தார். புதன் களி. வியாழனும் களி. கருப்பம்மாள் அவருக்கு முகம் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உள்ளேயிருந்து கஸ்பார் கத்தினார். மேலே வந்த கூடையில் மணல், மணலோடு கூழாங்கற்கள். அக்கம்பக்கத்தில் எங்கே தோண்டினாலும் கூர் கூரான கல்தான் வரும். இவை நெல்லிக்காய் கணக்காக உருண்டிருந்தன. வெகுதூரம் உருண்டு வந்தால்தான் கல் இப்படி மழுங்கும். கொஞ்ச நேரத்தில் கஸ்பாரின் கணுக்கால் நனைந்தது.

கருப்பம்மாள் செம்பில் கலங்கல் தெளியும்வரை காத்திருந்து, ஒரு வாய் குடித்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. செம்பை நூர் முகமதுவிடம் நீட்டினாள். இனிப்பான தண்ணீர். அவருக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

"இது இப்படியே இருக்குமா பாய்?"

அவள் குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே கேட்டாள். நூர் முகமது செம்பைக் கீழே வைத்தார். தோட்டத்து ஓரம்வரை நடந்து, வாய்க்காலில் இறங்கி, அடியில் படிந்திருந்ததை ஒரு கை அள்ளினார். வெள்ளைச் சேறு. ரோமம் பின்னிப் பின்னிக் கிடந்தது. கொண்டுவந்து கஸ்பாரின் வரிசையில், முதல் செம்மண்ணுக்கும் முன்னால் வைத்தார்.

"இதுதான் எங்களுது. எல்லாத்துக்கும் மேல இதுதான் படிஞ்சுக்கிட்டிருக்கு. காலையில மொதலாளிகிட்ட வாய்க்காலைத் திருப்பச் சொல்லுவேன். முடியாதுன்னா நானே மம்பட்டியத் தூக்குவேன்."

கருப்பம்மாள் அவர் பக்கத்தில் வந்தாள். பிறகு குனிந்து, புதுசாய் வந்த கூழாங்கல் ஒன்றை எடுத்து, கஸ்பார் வைப்பதுபோல அந்த வெள்ளைச் சேற்றின் மேல் வைத்தாள்.