ஆளில்லாமல் இறங்கிய கியர்

ஸ்டியரிங்கின் நடு மூடியைக் கழற்றிய ஜௌபர், உள்ளே பார்த்ததும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

பாம்பு இல்லை. பூரான்கூட இல்லை. சிவப்பு டேப் சுற்றிய ஒரு பொடி ரெசிஸ்டர். அதை வயரோடு சேர்த்து நைலோன் நூலால் கட்டியிருந்தது. வலைக்காரன் போடும் இரட்டை முடிச்சு.

கார் வயரை வலை நூலால் கட்டுகிற எலக்ட்ரீஷியன் அந்தக் கரையோரத்தில் ஒருத்தன்தான். கற்பிட்டியில் வலைகளுக்கு நடுவே வளர்ந்து, பாலாவிச் சந்தியில் கராஜ் போட்டிருக்கும் ஜௌபர்.

அது அவனுடைய முடிச்சு.

காலையில் அந்தச் சாம்பல் நிற இரண்டு கதவுக் காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது ஃபாஹிமுக்கு வாயெல்லாம் பல்.

"பத்து வருசம் கத்தார்ல மத்தவன்ட வாகனம் ஓட்டினன், நானா. இது என்ட. ஆனா பாருங்க, பேருக்குத்தான் ஸ்போர்ட்ஸ் கார். கியர் ஓட்டோமெட்டிக். கைக்கு ஒரு வேலயும் இல்ல, கதிரயில குந்தின மாதிரி இருக்கு. பேடில் ஷிஃப்டர் போட்டுத் தாங்க."

ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரல் எட்டும் தூரத்தில் இரண்டு சிறு தகடுகள். வலதைத் தட்டினால் கியர் ஏறும், இடதைத் தட்டினால் இறங்கும். அவ்வளவுதான் பேடில்.

"என்ன அவசரம்?"

"நாளைக்கு நிக்காஹ். பொண்ண இதுலதான் ஏத்திக்கொண்டு போற. அவவுக்கு இன்னும் காட்டல்ல."

"பொண்ணு ஆரு?"

"நுரைச்சோலை ஷம்லா. மவுத்தான இனாஸ்ட மனிசி. ஆறு வருசம் தனியா இருந்துட்டா பாவம்."

அந்தப் பெயரைக் கேட்டதும் ஜௌபர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனாலும் வேலையைத் தொடங்கிவிட்டான். பற்றரியின் வயரைக் கழற்றி, கால் மணி நேரம் பொறுத்து, மூடியைத் திறந்தான். திறந்தபோதுதான் தன் முடிச்சையே பார்த்தான்.

ஆறு வருஷத்துக்கு முன் இந்தக் கார் முத்து வெள்ளை. துறைமுகத்திலிருந்து நேரே அவனிடம் கொண்டுவந்தான் இனாஸ். எயார்பேக் லைட் அணையவில்லை என்றான். ஜௌபர் திறந்து பார்த்தால், உள்ளே பேக்கே இல்லை. ஜப்பானிலேயே எங்கோ முட்டி, பேக் வெடித்து, வெற்று மூடியை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். புதிய பேக் வர மூன்று மாதம் ஆகும். இனாஸோ அன்றைக்கே வண்டி வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

ஒரு ரெசிஸ்டரை வைத்தால் போதும். பேக் இருக்கிறது என்று கார் நம்பிவிடும், லைட் அணைந்துவிடும். ஜௌபர் அதைத்தான் செய்தான். பேக்கைப் பிறகு வரவழைத்து மாட்டிவிடலாம் என்று நினைத்தான்.

"என்ன பிழை, நானா?" என்று கேட்டான் இனாஸ்.

"வயர் லூஸ். சரி பண்ணிட்டன்."

"பேக் வேல செய்யுமே?"

"ஓம்."

"அல்ஹம்துலில்லாஹ். அடுத்த மாசம் பேடில் போடுவம். வளைவுல கியரக் குறைச்சி எடுக்கக்குள்ள ஒரு சுகம்!"

அடுத்த மாதம் வரவில்லை. இருபத்திரண்டாம் நாள், நுரைச்சோலைக்கு முன்னுள்ள வளைவில், காற்று கொண்டுவந்து கொட்டிய மணலில் கார் சறுக்கி மரத்தில் மோதியது. இனாஸின் நெஞ்சு ஸ்டியரிங்கில். அவன் உடல் கிடந்த சந்தூக்கைத் தோளில் சுமந்தவர்களில் ஜௌபரும் ஒருத்தன்.

காரை வெட்டி இரும்புக்குப் போட்டிருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தான். ஆனால் நாட்டில் வாகன இறக்குமதி நின்றிருந்த வருஷங்களில் நொறுங்கியதையும் விடாமல் தட்டி நிமிர்த்தி விற்றார்கள். நிறம் மாறியது. லைட்தான் எரியவில்லையே, மூடியைத் திறந்து பார்க்க யாருக்கு என்ன தலைவிதி?

மூடிவிட்டால் இன்றைக்கும் யாருக்கும் தெரியாது.

ஜௌபர் பேடில்களைப் பொருத்தினான். வயர் கொடுத்தான். மூடியை அமுக்கி மூடி, பற்றரியை மறுபடி இணைத்தான். காரை ஜெக்கில் தூக்கி, சில்லுகள் அந்தரத்தில் சுழல, என்ஜினை இயக்கி வலது பேடிலைத் தட்டினான். இரண்டு. மூன்று. நான்கு. மீட்டரில் கியர் எண் வெண்ணெய் மாதிரி ஏறியது.

கையை எடுத்தான்.

மூன்று.

என்ஜின் உறுமியது. இரண்டு. ஒன்று.

வேகமாக, அவசர அவசரமாக, உயிரைப் பிடித்துக்கொண்டு காரை நிறுத்தப் பார்க்கிறவன் தட்டுகிற மாதிரி.

வயர்களைச் சோதித்தான். எல்லாம் சரி. மறுபடி ஏற்றினான். மறுபடி இறங்கியது. இடது பேடிலைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஏற்றினான். உச்சிவெயில் கராஜுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. வெளியே உப்பு லொறிகள் போய்க்கொண்டிருந்தன. இடது பேடிலே இல்லாத ஸ்டியரிங்கில் நான்கு மூன்றானது. மூன்று இரண்டானது.

ஜௌபர் என்ஜினை அணைத்து, காரை ஜெக்கிலிருந்து இறக்கினான்.

"என்ன நானா, ஜின்னக் கண்ட மாதிரி நிக்கிறீங்க?" வாசலில் ஃபாஹிம். "முடிஞ்சா? திறப்பத் தாங்க."

ஜௌபர் கார்ச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். "தர மாட்டன்."

"பகிடியா?"

"இதுல எயார்பேக் இல்ல. இது இனாஸ்ட கார். லைட்ட ஏமாத்தி அணைச்சது நான். பேக் இருக்கு எண்டு அவன்ட முகத்தப் பாத்துப் பொய் சொன்னதும் நான்."

ஃபாஹிமின் சிரிப்பு பாதியில் நின்றது. சட்டென்று ஜௌபரின் சேட்டுக் காலரைப் பிடித்தான். பிறகு, அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாதவன்போல விட்டான். போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தான்.

"சொல்லுங்க. அவவுக்கே சொல்லுங்க."

ஜௌபர் சொன்னான். ஒரு சொல் விடாமல்.

"எனக்குத் தெரியும்" என்றாள் ஷம்லா.

இருவரும் போனையே பார்த்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வேனுக்குள்ள, என்ட மடியில கிடந்துதான் கேட்டார். 'பேக் ஏன் வரல்ல? ஜௌபர் நானா சரி பண்ணினாரே' எண்டு. அதுக்குப் பொறகு கதைக்கல்ல. மையத்து வீட்டுக்கு வந்து நீங்க தேம்பித் தேம்பி அழுதீங்க. நான் திரைக்குப் பின்னால இருந்து பாத்தன். இண்டைக்குச் சொல்லுவார், நாளைக்குச் சொல்லுவார் எண்டு ஆறு வருசம்."

"தங்கச்சி..."

"அவர்ட உம்மாவும் இங்கதான் இருக்கிறா. 'என்ட புள்ள கண்மூடித்தனமா ஓட்டித்தான் போய்ச் சேந்தான்' எண்டு இன்னும் அவரத்தான் ஏசுறா. அவக்கிட்ட வந்து சொல்லுங்க. அந்தக் காரிலயே வாங்க. நீங்க ஓட்டுங்க."

போன் அணைந்தது.

ஜௌபர் இடது பேடிலை மறுபடி மாட்டினான். ஃபாஹிம் பக்கத்தில் ஏறினான். ஜௌபரின் நெஞ்சுக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் வெற்று மூடி. அவன் முப்பதில் ஓட்டினான். பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்னடித்து, சிங்களத்தில் ஏதோ திட்டிவிட்டு முந்திப் போனான். காற்றாலைகளின் இறக்கைகள் சுழன்றன. தூரத்தில் மின் நிலையத்தின் புகைக்குழாய் தெரிந்தது.

வளைவு வந்தது. தாரின்மேல் அதே மணல்.

மூன்றாம் கியர். ஜௌபர் விரல்களைப் பேடிலிலிருந்து எடுத்துவிட்டுக் காத்திருந்தான். வா, இனாஸ். இப்ப இறக்கு.

எண் அசையவில்லை. மூன்று. மூன்றாகவே நின்றது. டயரின் கீழ் மணல் சரசரத்தது.

யாரும் வரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவன் அவன் மட்டும்தான்.

இடது விரலால் தானே தட்டினான். இரண்டு. இன்னொரு தட்டு. ஒன்று. கார் முனகிக்கொண்டு வளைவைத் தாண்டியது.

ஷம்லா வாசலில் நின்றாள். காரின் நிறத்தையோ ஃபாஹிமையோ அவள் பார்க்கவில்லை. திறந்த கண்ணாடிக்குள் கையை விட்டு, ஸ்டியரிங்கின் நடு மூடியை விரல்களால் ஒருமுறை தடவிவிட்டு விலகினாள். அவளுக்குப் பின்னால், கதவு நிலையைப் பிடித்தபடி இனாஸின் தாய் லெய்லா.

"ஆரு புள்ள வந்திருக்கிற?"

ஜௌபர் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு அவள் முன்னால் போய் நின்றான்.

"உம்மா" என்றான். "இனாஸ்ல பிழ இல்ல."