ஐந்தாம் வரிசைக் கிளப்பின் முதல் வெற்றி

எங்கள் ஐந்தாம் வரிசைக் கால்பந்து கிளப்பின் மலரில், 1938இல் முதல் ஆட்டத்தை இரண்டுக்கு ஒன்று என்று வென்றதாக அச்சடித்திருக்கிறார்கள். உண்மைதான். மீதியை என்னிடம் யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

தாமிரச் சுரங்கக் குடியிருப்பில் ஐந்தாம் வரிசை வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஆரம்பித்த கிளப் அது. கழிவு மண்ணை நாங்களே நிரவி மைதானம் ஆக்கினோம். பூட்ஸ் எல்லாம் கிடையாது, வெறுங்கால்தான். நான் கசூபா, அணித்தலைவன். சனிக்கிழமை முதல் ஆட்டத்துக்குப் பதினோரு பேர் வராவிட்டால் மைதானம் வேறு வரிசைக்குப் போய்விடும் என்று குடியிருப்பு மேலாளர் சொல்லிவிட்டார். எங்கள் கோல்கீப்பர் லோம்பேக்கு அன்றைக்குப் பார்த்து ஷிப்ட் விழுந்தது. மாற்றிக் கேட்டதற்கு முடியாது என்றார்கள்.

ஆனால் ஒரு வழி இருந்தது. சுரங்கத்தில் எங்களுக்கு எண்தான், பெயர் கிடையாது. எண் பொறித்த பித்தளை வில்லையை நீட்டினால் விளக்கு அறைக் குமாஸ்தா எண்ணைக் குறித்துக்கொண்டு விளக்கைத் தருவான், முகத்தைப் பார்க்கமாட்டான். வேறு வரிசைக்காரன் என்பதால் எங்கள் அணியில் ஆட முடியாத, அன்று ஓய்விலிருந்த நண்பன் ஜேரேயிடம் போய், லோம்பேயின் வில்லையோடு இறங்குகிறாயா என்று கேட்டேன்.

ஜேரே இங்கோனி இனத்தான். நானும் லோம்பேயும் பெம்பா இனம். தாத்தாக்கள் காலத்தில் வெட்டிக்கொண்ட கூட்டங்கள், அதனால் இன்று கேலி முறை. பார்த்த இடத்தில் திட்டிக்கொள்வோம், யாரும் கோபப்படக் கூடாது. சாவு வீட்டிலும் எதிர்க் கூட்டத்து முறைக்காரர்தான் முன்னால் நின்று செத்தவனைக் கேலி பேசி, அழுகிறவர்களைச் சிரிக்க வைக்க வேண்டும். குழி தோண்டுவதும் அவர்தான்.

"குரங்கு தின்னிப் பயலுக்காக நான் உள்ள இறங்கணுமா மச்சான்?" என்றான் ஜேரே.

"எலி தின்னிக்குப் பொந்துதானேடா வீடு," என்றேன்.

சிரித்துக்கொண்டே வில்லையை வாங்கிக்கொண்டான். மனைவி எஸ்னாத்துக்குத் தெரிந்தால் விடமாட்டாள், ஆட்டம் பார்க்கப் போவதாகச் சொல்லிவிடுகிறேன் என்றான். லோம்பேயும் தன் வீட்டில் ஷிப்டுக்குப் போவதாகவே சொல்லிவைத்தான்.

ஒன்றை மட்டும் நான் அவனிடம் சொல்லவில்லை. வியாழக்கிழமை லோம்பே என்னிடம், "அண்ணே, நம்ம இடத்துல கூரை பேச ஆரம்பிச்சிருச்சு," என்றிருந்தான். இடிந்து விழுவதற்கு முன் பாறை உள்ளுக்குள் முறுமுறுப்பதைத்தான் அப்படிச் சொல்வோம். சொன்னால் ஜேரே இறங்கமாட்டான், மைதானம் போய்விடும். கூரை வாரக்கணக்கில் பேசும், சனிக்கிழமையைத் தாண்டிவிடும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். படுபாவி நான்.

ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும். எங்கள் வெறுங்காலுக்குக் கீழே தரை ஒருமுறை நடுங்கியது. அது வெடி வைக்கும் நேரமில்லை. கோலில் நின்ற லோம்பே என்னைப் பார்த்தான். ஆடு என்று கையைக் காட்டினேன். கடைசி விசில் ஊதி, யாரோ என்னைத் தோளில் தூக்கியபோது அபாயச் சங்கு அலறியது.

சுரங்க வாசலில், பாறை சரிந்து செத்தவர்களின் மூன்று எண்களை வாசித்தார்கள். மூன்றாவது லோம்பேயுடையது.

நானும் லோம்பேயும் வீட்டுப் பக்கம் நடந்தோம். எங்களுக்கு முன்பே அந்த எண் ஐந்தாம் வரிசைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. லோம்பேயின் வீட்டு முன்னால் பெண்கள் தரையில் புரண்டு அழுதார்கள். நடுவில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, முறைக்காரி எஸ்னாத் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தாள்.

"ஏண்டா லோம்பே, பந்தைப் புடிக்கிற உனக்கு ஒரு கல்லைப் புடிக்கத் தெரியலையா? எந்திரிடா சோம்பேறி. எங்க வீட்டுக்காரருக்கு முதுகுவலி, அவரால உனக்கெல்லாம் குழி வெட்ட முடியாது."

லோம்பேயின் மனைவி அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். அப்போதுதான் எங்களைப் பார்த்தார்கள். வீறிட்டு ஓடிவந்து அவள் லோம்பேயைக் கட்டிக்கொண்டாள். எஸ்னாத் கைதட்டினாள்.

"பாத்தீங்களா, மண்ணுகூட இந்தக் குரங்கைத் துப்பிருச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். லோம்பே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். எஸ்னாத் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரரு உங்ககூட வரலையா மச்சான்? மேட்ச் பாக்கத்தானே வந்தாரு?"

"லோம்பேயோட வில்லையைக் கொடுத்து ஜேரேயை உள்ள அனுப்பினது நான்தான் எஸ்னாத்து," என்றேன்.

அவள் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. முறைக்காரன் பேசினால் கேலி என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"போங்க மச்சான், இதுலயுமா விளையாட்டு?" என்றாள்.

நான் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.