பத்தாவது நிமிடம்

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி டம்ளர், ஒரு ஜன்னல். மூன்று லட்சம் பேர் தினமும் காலையில் இதை வீடியோவில் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். 'வாழ்ந்தால் இப்படி எளிமையாக வாழணும்' என்று எழுதுகிறார்கள். மீதிச் சாமான் எல்லாம் படுக்கையறையில் கிடக்கிறது. கட்டிலுக்குப் போக வாஷிங் மெஷினைத் தாண்ட வேண்டும். எளிமையாக வாழ்கிற சிரமம் எங்களுக்குத்தான் தெரியும்.

என் மனைவி சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைந்தவள். ரப்பர் தொட மாட்டாள். அதனால் ஆபீசில் 'ஒத்தக்கோடு' என்று பட்டப்பெயர். படத்தைக் கம்ப்யூட்டரே போட்டுத் தள்ளும் என்று ஆனதும் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீடியோ யோசனை என்னுடையது. நான் லிஃப்ட் மெக்கானிக், கலையைப் பற்றி எனக்கு என்ன எழவு தெரியும்? ஆனாலும் வாய் சும்மா இருந்ததா?

"வெள்ளைத் தாள்ல முதல் கோடு விழுறதைத்தான் ஜனங்க பாப்பாங்க. பத்து நிமிஷம் போதும். முடிவை எவன் பாக்குறான்?" என்றேன்.

இரண்டு வருடம் அப்படியே ஓடியது. ஜன்னலில் வெளிச்சம் விழும்போது கேமராவைப் போடுவேன். அவள் தண்ணீர் குடிப்பாள், தாளைத் தடவுவாள், வரைவாள். பத்தாவது நிமிடம் "போதும்" என்பேன். பென்சிலை வைத்துவிடுவாள். "அப்புறம் முடிச்சுக்கலாம்" என்பாள். அப்புறம் வீடியோவை வெட்டி ஒட்ட வேண்டும், நூறு பேருக்குப் பதில் போட வேண்டும். மறுநாள் புதுத் தாள். கூரை இல்லாத வீடும் கால் இல்லாத குதிரையுமாகப் பரணில் கட்டுக்கட்டாக ஏறின.

போன திங்கட்கிழமை அவளுடைய பழைய எடிட்டர் அம்மா போன் செய்தார். சொந்தமாகச் சின்னதாய் ஒரு பதிப்பகம் தொடங்கியிருக்கிறாராம்.

"கையால வரைஞ்ச படம் மட்டும்தான் போடப்போறேன். முதல் புத்தகம் உனக்குத்தான். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரே ஒரு முழுப் படம் அனுப்பும்மா, மாதிரிக்கு. யானை குளிக்கிற மாதிரி."

போனை வைத்துவிட்டு அழுதாள். "இனி இந்த வீடியோ வேண்டாங்க" என்றாள். எனக்கும் கண் கலங்கியது. வாஷிங் மெஷினை அன்றைக்கே முன்னறைக்கு இழுத்து வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து பார்த்தால் தாளில் யானையின் தலையும் முதுகும் இருந்தன. புதன்கிழமை ஐந்து தாள், ஐந்திலும் தலையும் முதுகும்தான்.

"கை நின்னுடுதுங்க" என்றாள்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். கேமரா இல்லை. நான் வாயே திறக்கவில்லை. சரியாகப் பத்தாவது நிமிடம் பென்சில் கீழே போனது.

"இன்னும் காலுதானே, வரை" என்று கெஞ்சினேன். ஒரு கோடு போட்டாள். பார்த்தாள். பிறகு மேசை டிராயரிலிருந்து ஒரு புது ரப்பரை எடுத்து அழித்தாள். பதினெட்டு வருடத்தில் அவள் அழித்து நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை எடிட்டர் அம்மா மறுபடி கூப்பிட்டார்.

"முழுசா ஒண்ணும் இல்லக்கா" என்றாள் இவள்.

"பழசுல முடிச்சது ஏதாவது அனுப்பேன்மா. அதுக்கென்ன?"

பரணில் இருந்ததை எல்லாம் இறக்கிப் புரட்டினோம். ஒன்றுகூட இல்லை. முடித்த படங்களெல்லாம் பழைய ஆபீசுக்குச் சொந்தம். திரும்பக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"சரிம்மா, உடம்பைப் பாத்துக்கோ" என்று வைத்துவிட்டார். வேறு ஆளைத் தேடுவார், பாவம், அவரும் என்ன செய்வார்?

சனிக்கிழமை காலை எழுந்தபோது வாஷிங் மெஷின் மறுபடியும் கட்டிலருகே நின்றது. அவள் டம்ளரில் தண்ணீர் ஊற்றி, புதுத் தாளோடு உட்கார்ந்திருந்தாள்.

"கேமராவைப் போடுங்க."

போட்டேன். யானையின் முதுகை ஒரே கோட்டில் இழுத்தாள். அவ்வளவு அழகு! பத்தாவது நிமிடம் வந்தது. இன்றைக்கு என் வாயால் சொல்ல மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பென்சில் கீழே போகவில்லை. கால் வரவேண்டிய இடத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"சொல்லுங்க. கை வலிக்குது."

"போதும்" என்றேன்.